காது தெரியற மாதிரி உட்காருங்க

மூணு முப்பத்தஞ்சு. ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க. ஒரே ஒரு வாட்ச்மேன், பேரு ஆரோக்கியசாமி.

இதைக் கேட்டதும் உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா? இல்லையா? இருக்கணுங்க. ஊருக்குப் புதுசுன்னு சொன்னீங்கல்ல, அதான். இன்னும் அஞ்சு நிமிஷத்துல பெல் அடிக்கும். எதுத்தாப்புல தெரியுது பாருங்க, அந்த ஒரே கேட்டு வழியாத்தான் அத்தனை பேரும் வெளிய வரணும். தாராபுரத்துல எத்தனையோ ஸ்டுடியோ இருக்குது. உட்கார்ந்த இடத்துல இருந்தே ஸ்கூல் கேட்டைப் பார்க்கற ஸ்டுடியோ என்னுது ஒண்ணுதான். எங்க பாப்பா அங்க ஏழாவது படிக்கிறா. அதுக்காகவே இந்த இடத்தை எடுத்தேன்.

உட்காருங்க சார், அந்த ஸ்டூல்ல. நிமிர்ந்து. முடியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க, காது ரெண்டும் தெரியணும். ஒரு நிமிஷம் பொறுங்க, எனக்கு எந்திரிக்க நேரமாகுது. முட்டில கட்டு. அதை அப்புறம் சொல்றேன்.

என் தலையைப் பார்க்கறீங்க. இது ஒரு மாசத்து முடி. அதையும் சொல்றேன்.

உங்க பையனுக்கு அழைப்பு அட்டை வேணும்னு ஸ்கூல்ல சொல்லி அனுப்பிச்சாங்க, இல்லீங்களா? அப்பா ஃபோட்டோ, அம்மா ஃபோட்டோ, பிள்ளை ஃபோட்டோ மூணும் ஒட்டுன அட்டை. சாயங்காலம் அதைக் காட்டுனாத்தான் பிள்ளையை வெளிய விடுவாங்க. அந்த அட்டையைக் கொண்டு வந்ததே நான்தாங்க. என் பேரு குழந்தைவேல். ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, தெரியாதவங்க இருக்க மாட்டாங்க. பேரைச் சொன்னதும் ஒரு மாதிரி சிரிப்பாங்க. அது மரியாதைதான்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லைங்க. இதை முதல்லயே சொல்லிடறேன். நான் கவனமான ஆளு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது. பயந்தாங்கொள்ளி பிள்ளையை ஸ்கூலுக்கே அனுப்ப மாட்டான். நான் அனுப்பறேன். அனுப்பிட்டுப் பார்க்கறேன்.

வீடு இந்தக் கடைக்கு மேலயே. இங்கிருந்து கேட்டு நாப்பது அடி. ஆனா நடந்து தாண்ட விட மாட்டேன். ரோடு அப்படி. அதனால வண்டில கொண்டு போய் விடுவேன். நடுவுல டிவைடர் வெச்சுட்டாங்க, சுத்தி வந்தா ஒண்ணரை கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பிள்ளையை ரோட்டுல வெச்சிருக்கறது ஆபத்து. அதனால ஓரமாவே, எதிர்த்திசைல, நூறடி போனா டிவைடர்ல ஒரு சந்து வரும், அதுல திருப்பிடுவேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க ரெண்டையும் ஏத்திக்குவேன். தனியா விடக்கூடாது பாருங்க. ஹெல்மெட்டா? நாப்பது அடிக்கு எதுக்குங்க ஹெல்மெட்.

இந்த நோட்டைப் பாருங்க. சம்பவ நோட்டு. ரெண்டு வருஷமா எழுதறேன். ஸ்கூல்லயும் ஸ்கூலைச் சுத்தியும் நடந்த ஒவ்வொண்ணும் இருக்குது. மொத்தம் பன்னெண்டு சம்பவம். பென்சில் குத்துனது ஒண்ணு. ஊஞ்சல்ல இருந்து விழுந்தது ஒண்ணு. மத்ததெல்லாம் வாகனம். வாட்ச்மேன் கால் மேல ஒரு வண்டி ஏறுனது, ஐஸ்காரர் தள்ளுவண்டில ஒரு வண்டி இடிச்சது, இந்த மாதிரி. யாரு வண்டின்னெல்லாம் எழுதறதில்ல. நமக்கு வேண்டியது சம்பவம். ஆளு இல்ல.

என் வீட்டுக்காரி பூங்கொடி இருக்கா பாருங்க, அவளுக்கு இதெல்லாம் ஏறாது. கவர்மென்ட் ஆஸ்பத்திரில நர்ஸு. தினம் பார்த்துப் பார்த்து மரத்துப் போச்சு. "ஏனுங்க, பதினஞ்சு வருஷமா கேசுவாலிட்டில நிக்கறேன். ஸ்கூல் பெஞ்சுல உட்கார்ந்து செத்தவன் ஒருத்தனைப் பார்க்கல. ராங் சைடுல வந்தவனைத்தான் தூக்கிட்டு வர்றாங்க"ம்பா. நான் என்ன சொல்றேன், அவ என்ன சொல்றா பாருங்க. சம்பந்தமே இருக்காது.

பெல் அடிச்சிருச்சு. ஒரு நிமிஷங்க. எல்கேஜி வருது... ஒண்ணாவது... சரி. சரி. ஆரோக்கியசாமி அட்டையைப் பார்த்துத்தான் விடறாரு. நல்ல மனுசன். முப்பது வருஷம் லாரி ஓட்டுனவரு. ரூல்னா ரூல்.

அட்டை எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். ஜூன் மாசம் பெற்றோர் கூட்டம். தலைமை ஆசிரியை வசந்தாமணி மேடம், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"ன்னாங்க. நான் எந்திரிச்சேன். நாப்பது நிமிஷம் பேசுனேன். எந்த எந்த ஊர்ல என்ன என்ன நடந்துச்சுன்னு ஒவ்வொண்ணாச் சொன்னேன். பாதி பேரு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அவ்வளவு பாதிப்பு. கடைசில மேடமே, "நீங்க என்ன பண்ணச் சொல்றீங்களோ அதையே பண்ணிடலாம், உட்காருங்க"ன்னாங்க. கைதட்டல் பாருங்க, அப்படி ஒரு கைதட்டல்.

விதி ஏழும் நான் எழுதிக் குடுத்தது. அட்டை இல்லாம பிள்ளை இல்லை, இது முதல் விதி. ரெண்டாவது, அட்டைல இருக்கற முகமும் வந்திருக்கற முகமும் ஒத்துப் போகணும். மூணாவது, பிள்ளையே வாயால "இது எங்கப்பா, இது எங்கம்மா"ன்னு சொல்லணும். நாலாவது, சந்தேகம் வந்தா பிள்ளையை டீச்சர் பொறுப்புல உள்ளயே வெச்சிருந்து, இன்னொரு பெத்தவங்க அட்டையோட வந்தப்புறம்தான் விடணும். அஞ்சாவது காது. ஃபோட்டோல காது ரெண்டும் தெரியணும். மூஞ்சி மாறுங்க, தாடி வரும், சதை போடும். காது மாறவே மாறாது. இருபது வருஷமா ஃபோட்டோ எடுக்கறவன் சொல்றேன். ஆறாவது, ஸ்கூல் குடுக்கற எந்த ஃபாரத்துலயும் அப்பா அம்மா ரெண்டு பேருல ஒருத்தர் கையெழுத்துப் போட்டாலே போதும். பூங்கொடிக்கு டியூட்டி இருக்கும், எல்லாத்தையும் நானே போட்டுக்கலாம்னு அதை வெச்சேன். ஏழாவது, யாருக்காகவும் எதுக்காகவும் இந்த விதிகளைத் தளர்த்தக் கூடாது. தலைமை ஆசிரியை சொன்னாலும்.

ஃபோட்டோவை எந்த ஸ்டுடியோல வேணும்னாலும் எடுத்துக்கலாம்னுதான் சொன்னேன். எதுத்தாப்புல இருக்குதுன்னு எல்லாரும் இங்கயே வந்துட்டாங்க. அதுக்கு நான் என்னங்க பண்றது?

ரெண்டு வாரம் சோறு தண்ணி இல்லாம எடுத்தேன். ஊர்ல இருக்கற காது எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா ஒண்ணு. எல்லாரையும் நான் எடுத்தேன், என்னை எடுக்க ஆளு இல்ல. சரின்னு கல்யாண ஆல்பத்துல இருந்து என் மூஞ்சியை வெட்டி ஒட்டுனேன். பதினாலு வருஷத்துக்கு முந்தின ஃபோட்டோ. நெத்தில விழற மாதிரி முடி, இம்புட்டு மொத்தமா மீசை, பட்டுச் சட்டை. காது தெரிஞ்சுது. விதிப்படி சரிதான்.

இது போக வீட்டுக்குள்ள தனியா ஒரு ஏற்பாடு. ரகசிய வார்த்தை. ஸ்கூல் வாசல்ல யாரு வந்து கூப்பிட்டாலும், மாமான்னாலும் சித்தப்பான்னாலும், "அந்த வார்த்தை என்ன?"ன்னு கேக்கணும். சொன்னாத்தான் கூடப் போகணும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மாத்திருவேன். எங்க கனிஷ்கா ஒரு தடவைகூட மறந்ததில்ல. அப்படி ஒரு அறிவு.

ஜூலைல வெள்ளை வேன் வந்துச்சு.

நம்ம குரூப்புல, 'பெற்றோர் விழிப்பு'ன்னு ஒரு வாட்சப் குரூப், நான்தான் அட்மின், அதுல ரொம்ப நாளா ஒரு செய்தி சுத்திக்கிட்டிருந்துச்சு. வெள்ளை வேன்ல வந்து பிள்ளைங்களைத் தூக்கறாங்கன்னு. யாரு போட்டதா? நான்தான் போட்டேன். எனக்கு வந்துச்சு, நான் போட்டேன். ஒரு நாள் காலைல பத்தரை மணிக்கு எதுத்தாப்புல ஒரு வெள்ளை வேன் நிக்குது. கேட்டுக்குள்ள போகுது. என் கண்ணு முன்னாடி பிள்ளைங்க வரிசையா அதுல ஏறுதுங்க! அஞ்சு அஞ்சு பேரா ஏறுதுங்க, கதவைச் சாத்தறாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பெரிய லென்ஸைப் போட்டு ஃபோட்டோ எடுத்து குரூப்புல போட்டேன். அப்படியே பழனி இருக்கற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "முருகா, எம்பிள்ளை அந்த வேன்ல இருந்து முழுசா இறங்குனா மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துடறேன்"னு வேண்டிக்கிட்டேன்.

பத்து நிமிஷத்துல அறுபது பேரு கேட்டுல. போலீஸ் வந்துச்சு. கண் பரிசோதனை வேனாம்.

அந்த டாக்டரம்மா ரொம்பக் கோபப்பட்டாங்க. எனக்கு மட்டும் தெரியுமா? வெள்ளையா இருந்துச்சு, வேனா இருந்துச்சு. ஆனா முருகனுக்குக் குடுத்த வாக்கு வாக்குத்தானே. பாப்பா வேன்ல ஏறுனா, முழுசா இறங்குனா. கண்ணும் நல்லா இருக்குதுன்னு சீட்டு வேற குடுத்தாங்க. கடன் என் தலைல ஏறிருச்சு.

இப்பத்தான் கோ-கோ வருது.

ஒரு நாள் சாயங்காலம் கனி ஒரு ஃபாரத்தைக் கொண்டு வந்து என் முன்னாடி வெச்சா. ஸ்கூல் கோ-கோ டீம்ல எடுத்திருக்காங்களாம். மூலனூர்ல குறுமையப் போட்டி, சுத்துப்பட்டு ஸ்கூலெல்லாம் வருமாம். தினம் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பிராக்டிஸ். பெத்தவங்க கையெழுத்து வேணும்.

கோ-கோ தெரியுமுல்ல? எட்டுப் பேரு வரிசையா உட்காந்திருப்பாங்க, ஒருத்தி தொரத்துவா, மூணு பேரு வரிசைக்குள்ள பூந்து பூந்து ஓடுவாங்க. ரெண்டு பக்கமும் கம்பம். மரக் கம்பம்! அதைப் புடிச்சுச் சுத்துவாங்க. கீழ மண்ணு, கல்லு. போறது வேன்ல. நான் ஒரு பேப்பரை எடுத்து, என்னென்ன ஆகலாம்னு எழுதிக் காட்டுனேன். பதினேழு வந்துச்சு. கனி முழுசாப் படிச்சா. படிச்சுட்டு, "அப்பா, பதினொண்ணும் பதினாலும் ஒண்ணேதான்"னா.

"பதினாறு ஆபத்துன்னாலும் ஆபத்துதானே கண்ணு."

"அப்பா, நான் ஓடும்போது என்னை யாராலயும் புடிக்க முடியலப்பா. மிஸ்ஸே ஓடிப் பார்த்தாங்க. முடியல."

"அது விளையாட்டுல கண்ணு. நெசத்துல புடிச்சிருவாங்க."

அவ ஃபாரத்தை எடுத்து மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டா. மறுநாள் மறுபடி எடுத்து வெச்சா. நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன். அதுக்கு மறுநாளும் வெச்சா. பத்து நாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்துல அந்த ஃபாரம் இருக்கும். பூங்கொடி சும்மா இருப்பாளா? "கையெழுத்துப் போடுங்க. முட்டி சிராய்ச்சா மருந்து வெச்சுக்கலாம். முட்டி சிராய்ச்சதுக்கெல்லாம் எங்க வார்டுல யாரும் அட்மிட் ஆகல. நான் வேணா போடட்டுமா?"ன்னா. "நான் யோசிச்சுச் சொல்ற வரைக்கும் நீ போடாத"ன்னேன். போடல. நான் ஒண்ணு சொன்னா மதிப்பா. பிள்ளை மட்டும் என்கூடப் பேசறதை நிறுத்திட்டா. வண்டில பின்னாடி உட்கார்ந்து வருவா, இறங்குவா, போயிருவா. திரும்பிக் கை காட்ட மாட்டா. அது ஒண்ணுதாங்க எனக்கு... சரி விடுங்க. தலையைக் கொஞ்சம் இடது பக்கமாத் திருப்புங்க.

ஃபாரம் குடுக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் எட்டு, வெள்ளிக்கிழமை. சாயங்காலம் அஞ்சரைக்குள்ள பி.டி. மிஸ் கைல இருக்கணும். பழனிக்குப் போக வெள்ளிக்கிழமை நல்ல நாளுன்னு எனக்குத் தோணுச்சு. வேற ஒண்ணும் இல்லைங்க, நேர்த்திக்கடனைத் தள்ளிப் போடக் கூடாது. காலைல பாப்பாவை விட்டுட்டு முதல்ல வந்த பஸ்ல ஏறுனேன். கிளம்பும்போது கனி ஃபாரத்தைப் பேனாவோட நீட்டுனா. "அப்பா வந்து பார்க்கறேன் சாமி"ன்னேன்.

முடி எறக்குனேன், மீசை எடுத்தேன், சந்தனம் பூசுனேன். கண்ணாடில பார்த்தா எனக்கே சிரிப்பு. சாமி கும்பிட்டு, பஞ்சாமிர்தம் ரெண்டு டப்பா வாங்கி மஞ்சப் பையில போட்டுக்கிட்டுப் பஸ் ஏறி, மூணே முக்காலுக்கு நேரா கேட்டுக்கு வந்துட்டேன். அட்டை சட்டைப் பையிலயே இருந்துச்சு. எப்பவும் இருக்கும். நான் கவனமான ஆளு.

ஆரோக்கியசாமி அட்டையை வாங்கிப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. அட்டையைப் பார்த்தாரு.

எப்பவும் "வாங்க தம்பி"ம்பாரு. அன்னைக்கு, "சார் கொஞ்சம் ஓரமா நில்லுங்க"ன்னாரு.

"ஆரோக்கியண்ணா, நான்தான். குழந்தைவேல்."

"குழந்தைவேல் சாருக்கு முடி இருக்குதுங்களே."

"பழனில எறக்கிட்டேன்."

"மீசை?"

"அதையும்தான் எடுத்தேன்."

"பட்டுச் சட்டை போட்டு மாப்பிள்ளை மாதிரி ஒருத்தர் இருக்காருங்க இதுல. சின்ன வயசு."

"அது நான்தாங்க! குரலைக் கேட்டாத் தெரியலையா?"

"குரலைப் பத்தி விதில ஒண்ணும் இல்லைங்க சார்."

அப்புறம் அட்டையை என் காதுக்குப் பக்கத்துல வெச்சு ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. இடது காது, வலது காது. பின்னாடி நாப்பது அம்பது பேரு வரிசைல நிக்கறாங்க. "காது ஒத்துத்தான் வருதுங்க"ன்னாரு. எனக்கு உசிரு வந்துச்சு. "ஆனா காதை மட்டும் வெச்சுப் பிள்ளையைக் குடுக்க முடியாதுங்க. ரெண்டாவது விதி, முகம்னு போட்டிருக்குது."

அந்த நேரத்துல என் ஃபோன் 'டிங்'குன்னுச்சு. குரூப்புல அவசரச் செய்தி. எடுத்துப் பார்த்தா, "பெற்றோர் உஷார். ஸ்கூல் கேட்டில் மொட்டைத் தலையுடன் சந்தேகப்படும்படி ஒரு ஆள். கையில் மஞ்சள் பை. வேறொருவர் அட்டையைக் காட்டிப் பெண் குழந்தையைக் கேட்கிறான்"னு இருக்குது. சட்டுன்னு திரும்பி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தேன். மொட்டைத் தலை யாரும் இல்ல. "ஆரோக்கியண்ணா, கேட்டைச் சாத்துங்க, எவனோ வந்திருக்கான்"னு கத்துனேன். அவரு சாத்துனாரு. நான் வெளிய இருந்தேன்.

சிரிங்க சார், பரவால்ல. ஃபோட்டோல மட்டும் சிரிக்கக் கூடாது.

அப்புறம் வசந்தாமணி மேடம் வந்தாங்க. "மேடம், நீங்களாவது சொல்லுங்க"ன்னேன். அவங்க என்னை மேலிருந்து கீழ வரைக்கும் நிதானமாப் பார்த்தாங்க. "எனக்குத் தெரியுதுங்க குழந்தைவேல். ஆனா ஏழாவது விதி என்னன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"ன்னாங்க. "தலைமை ஆசிரியை சொன்னாலும்னு நாப்பது நிமிஷம் பேசுனீங்களே. நான் சொன்னா இவரு கேக்க மாட்டாரு. கேக்கவும் கூடாது. மூணாவது விதி ஒண்ணு இருக்குது, பிள்ளையைக் கூப்பிட்டுக் கேப்போம்."

பின்னாடி நின்ன ஒரு அம்மா, "ஏனுங்க, அந்தாளு கண்ணைப் பாருங்க, திருட்டு முழி"ன்னு சொல்றது என் காதுல விழுகுது. அந்தம்மாவுக்கு ஃபோட்டோ எடுத்ததே நான்தான்.

கனியைக் கூட்டிட்டு வந்தாங்க. பையை மாட்டிக்கிட்டு வந்து கேட்டுக்கு உள்பக்கம் நின்னா. பின்னாடி கிரவுண்டுல டீம் பிள்ளைங்க ஷூ கயித்தைக் கட்டிக்கிட்டு நிக்குதுங்க. பி.டி. மிஸ் விசில் வாயில வெச்சுக்கிட்டு இங்கயே பார்க்கறாங்க. ஆரோக்கியசாமி கேட்டாரு, "பாப்பா, இவரு உங்கப்பாவா?"

கனி என்னைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. தலையைப் பார்த்தா, மூஞ்சியைப் பார்த்தா. திரும்பி கிரவுண்டைப் பார்த்தா. மறுபடி என்னைப் பார்த்தா.

"இந்த வாரத்து வார்த்தை என்னங்க?"ன்னா.

'என்னங்க'ங்கறா! பெத்த அப்பனை.

எனக்கு அந்த நேரம் பார்த்து வார்த்தை வரல. வாராவாரம் மாத்தறேனா, எல்லாம் குழம்பிருச்சு. "கத்தரிக்கா"ன்னேன்.

"அது ஜூலை."

"ரயில்வே கேட்டு?"

"அது போன வாரம்."

"கனி, அப்பாடா கண்ணு. உங்கம்மா பேரு பூங்கொடி. உனக்கு ரசம் புடிக்காது."

"இதெல்லாம் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு வருவாங்கன்னு எங்கப்பா சொல்லிருக்காருங்க"ன்னா. அப்புறம் ஆரோக்கியசாமியைப் பார்த்து, அமைதியா, "தெரியலைங்க தாத்தா. நான் உள்ள மிஸ்கூட இருக்கேன். அம்மா வர்ற வரைக்கும்"னா.

"அதுதான் நாலாவது விதி"ன்னாரு அவரு.

அவ திரும்பி நடந்தா. கொஞ்ச தூரம் நடந்தா. அப்புறம் பையைக் கழட்டி மிஸ் கைல குடுத்துட்டு ஓட ஆரம்பிச்சா.

பூங்கொடிக்கு டியூட்டி முடிய அஞ்சு மணி. ஒரு மணி நேரத்துக்கு மேல அந்தக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு வெளிய நின்னேன். வேற என்ன பண்றது, பார்த்துக்கிட்டு நின்னேன். நானும் தினம் இந்த ஜன்னல் வழியாப் பார்க்கறவன்தான். ஆனா இங்க இருந்து கேட்டு மட்டும்தாங்க தெரியும். கிரவுண்டு தெரியாது.

ரெண்டு தடவை விழுந்தா. நான் எண்ணுனேன். ரெண்டு தடவையும் எந்திரிச்சா. மண்ணைத் தட்டக்கூட இல்ல. ஒரு பிள்ளை தொரத்துது, கிட்ட வந்துருச்சு, கையை நீட்டுது, இந்தா தொட்டுருச்சுன்னு நினைக்கறேன், கனி கம்பத்தை ஒரு கையில புடிச்சு ஒரே சுத்து. அந்தப் பிள்ளை அந்தப் பக்கம் போயி நிக்குது, இவ இந்தப் பக்கம் வந்துட்டா. அந்தக் கம்பம் நான் எழுதுன பதினேழுல நாலாவது. சிரிக்கறா. பத்து நாளா வீட்டுல நான் பார்க்காத சிரிப்பு. பக்கத்துல ஆரோக்கியசாமி ஸ்டூல்ல உட்கார்ந்துக்கிட்டு, "அந்தப் பாப்பா பிரமாதமா ஓடுதுங்க சார்"ன்னாரு. "யாரு பெத்த பிள்ளையோ"ன்னாரு. கிண்டலா நெசமான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

அஞ்சேகாலுக்குப் பூங்கொடி வந்தா. வண்டியை நிறுத்திட்டு என்னைத் தாண்டிக் கேட்டுக்குப் போனா. அப்புறம் நின்னு, திரும்பி, "யாருங்க நீங்க?"ன்னா. அப்படிச் சொல்லிட்டு ரோட்டுலயே வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

அவ அட்டைல முகம் ஒத்துப் போச்சு. கனி, "இது எங்கம்மா"ன்னா. எல்லாம் முறைப்படி. கனி பையில இருந்து அந்த ஃபாரத்தை எடுத்து நீட்டுனா. பூங்கொடி என்னைப் பார்த்தா. "யோசிச்சு முடிச்சாச்சுங்களா?"ன்னா. நான் மொட்டையைத் தடவுனேன். ஆரோக்கியசாமியோட ஸ்டூல் மேல வெச்சு அவ கையெழுத்துப் போட்டா. ஆறாவது விதிப்படி ஒரு கையெழுத்து போதும். அஞ்சு இருபத்தஞ்சு. மிஸ் வாங்கிக்கிட்டாங்க.

வீட்டுக்குப் போயி மஞ்சப் பையைப் பிரிச்சப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அந்த வாரத்து வார்த்தை பஞ்சாமிர்தம். பழனிக்குப் போறோமேன்னு நான்தான் வெச்சேன். ரெண்டு டப்பாவைக் கைல புடிச்சுக்கிட்டுத்தான் ஒரு மணி நேரம் நின்னிருக்கேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு எனக்கு அவமானமே இல்லைங்க. பெருமை. பெத்த அப்பன் வந்து நிக்கறான், கெஞ்சறான், பிள்ளை அசையல பாருங்க! அதான் ட்ரெயினிங். ரெண்டு வருஷத்து உழைப்பு. என் ஏற்பாட்டுல ஒரு ஓட்டை இருக்குதான்னு நானே சோதிச்சுப் பார்த்த மாதிரி ஆயிருச்சு. ஓட்டை இல்ல. இதை அடுத்த பெற்றோர் கூட்டத்துல சொல்லலாம்னு மேடத்துக்கிட்டக் கேட்டேன். நேரம் இருக்காதுன்னாங்க.

பஞ்சாமிர்தம் சாப்பிடும்போது கனிக்கிட்டயே கேட்டேன். "நெசமாவே அப்பாவை அடையாளம் தெரியலையா கண்ணு?"

அவ விரலை நக்கிக்கிட்டே, "காது தெரிஞ்சுதுப்பா"ன்னா.

பார்த்தீங்களா? காது! நான் சொல்லல? எது மாறுனாலும் காது மாறாது. பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கே தெரியுது. பூங்கொடி எதுக்கோ அடுப்படிக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டா. தோள் குலுங்குச்சு. புரை ஏறியிருக்கும்.

இப்ப அவ தினம் அஞ்சு மணிக்குத்தான் வர்றா. வண்டி வேண்டாமாம், கூட்டத்தோட நடந்து தாண்டிக்கறாளாம். ஆரோக்கியசாமி கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தறாரு. அது எவ்வளவு நாளைக்குன்னு பார்க்கறேன்.

அவ்வளவுதான், எடுத்தாச்சு. பத்து நிமிஷத்துல பிரிண்ட். அது வரைக்கும் இந்த நோட்டைப் புரட்டுங்க. கடைசிப் பக்கம், பன்னெண்டாவது சம்பவம். என் முட்டியைப் பத்தி அப்புறம் சொல்றேன்னேனே, அதுல இருக்குது. நான் எப்பவும் உள்ளது உள்ளபடி எழுதறவன். படிங்க.

'ஆகஸ்ட் 23, சனிக்கிழமை. மூலனூர், குறுமையக் கோ-கோ போட்டி. ஸ்கூல் வேனில் சென்ற மாணவிகள் பன்னிரண்டு பேர். ஏழாம் வகுப்பு கனிஷ்கா ஏழு நிமிடம் ஓடினாள், யாரும் தொடவில்லை. மாணவிகளுக்குக் காயம் இல்லை. வேனுக்குப் பின்னால் பாதுகாப்புக்காகச் சென்ற பெற்றோர் ஒருவர், எதிர்த்திசையில் வண்டி ஓட்டியதில் விழுந்து முட்டியில் ஆறு தையல்.'